தாடி ராஜா காசு

நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இப்போது வெள்ளி விலையைப் பற்றித்தான் பேச்சு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, திருச்சானூர்க் கோயில் வரிசையில் நின்றாலும் சரி, "அப்பவே நாலு ராஜா காசை எடுத்து வெச்சிருந்தா இன்னிக்கு எவ்ளோ ஆயிருக்கும்" என்று யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுகிறாள். அந்தப் பேச்சு வந்தால் நான் வாய் திறப்பதில்லை. வெள்ளிக்கடைக்காரர் பெண்டாட்டி, தொழில் ரகசியத்தைச் சொல்லமாட்டாள் என்று நீங்கள் கிண்டல்கூடச் செய்தீர்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளி விலை இப்படி எகிறிய ஒரு வெயில்காலம் நம் சின்ன வயதிலும் வந்தது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

சித்தூர் ஜில்லாவில், எல்லையோரம், குடிபாலா பக்கம் எங்கள் ஊர். தெருவில் எல்லோரும் கூலிக்காரர்கள். எங்கள் நைனாவுக்கு அப்போதுதான் சர்க்காரில் ஒரு துண்டு நிலம் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். மண்ணைவிடக் கல் அதிகமாக இருந்த நிலம். இருந்தாலும் நைனா தினமும் சாயந்தரம் போய் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். வேர்க்கடலை பிடுங்கி முடித்து, கரும்பு ஆலையும் நின்றுபோய், யாருக்கும் வேலை இல்லாத மாதங்கள் அவை. வெல்லம் காய்ச்சிய வாசனை மட்டும் காற்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் பையனாக இருந்தார். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. வாடகை சைக்கிளின் பின்னால் கூடை கட்டி, கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரங்களோடு வந்து இறங்கினார். வெயிலில் அந்தக் கூடையைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அதுவரை எங்கள் தெருவில் எவர்சில்வர் என்றால் யாராவது கல்யாணத்துக்கு வந்த ஒரு டம்ளர்தான். மற்றதெல்லாம் அலுமினியமும் மண்ணும்.

"யக்கா, லாட்ஜுக்கு ஒரு வெள்ளி யாவாரி வந்து தங்கினு இருந்தாரு. அவரு சொன்னாரு. பழைய ரூபாக் காசு இருக்குதே, ராணி தலை, ராஜா தலை போட்டது, அதுக்கு இப்போ கிராக்கி. நம்ம ஊருப் பொம்பளைங்ககிட்ட கய்த்துல, இடுப்புல, பானைக்குள்ளன்னு கெடக்குது. நான் கேட்டா குடுக்கமாட்டாங்க. நீ கூட வாக்கா" என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷம். தம்பி எச்சில் தட்டு எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வியாபாரம் செய்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் பின்னாலேயே போனேன். மாமா கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அம்மாதான் பேசுவாள். "என் தம்பிதான்மே. வெளியாள் இல்ல. நம்பிக் குடு" என்பாள். பெண்கள் உள்ளே போவார்கள். திரும்பி வரும்போது கையில் ஏதோ ஒரு துணி முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்த காசுகள். சிலதில் கறுப்புக் கயிறு கோக்க வளையம் பற்றவைத்திருக்கும். பிள்ளை பிறந்தபோது தாய்வீட்டில் போட்டது, அம்மை வந்தபோது முடிந்து வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டேதான் கொடுப்பார்கள். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்கு அந்தப் பொறுமை உண்டு. இன்றும் உண்டு.

பிறகு காசை விரலில் புரட்டிப் பார்த்து, ஒரே பாடத்தைச் சொல்வார்.

"ராணி தலைன்னா முழு வெள்ளி. நல்ல வெலை போட்டுக்கறேன். ராஜா தலையெல்லாம் அரை வெள்ளிதான். சண்டைக்காலத்துல பாதிக்குப் பாதி செம்பு கலந்து அடிச்சிட்டான் வெள்ளக்காரன். அதுக்குப் பாதி வெலைதான் வரும்."

பெண்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா, "அவனுக்குத் தெரியும்மே, திருப்பதியில கேட்டுக்கினு வந்துக்கிறான்" என்பாள். அவ்வளவுதான். ராணி காசு தெருவில் அபூர்வம். யாரிடம் பார்த்தாலும் ராஜா காசுதான். ராஜா காசுகளுக்குத் தட்டும் டம்ளரும் கைமாறின.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் மட்டும் ஒரு சரமே இருந்தது. கணவன் இல்லாதவள். ஒரே மகன், என்னைவிடச் சின்னவன். அந்தச் சரம் அவளுடைய அம்மா கழுத்திலிருந்து இறங்கி வந்தது. எங்கள் அம்மா கேட்டதும் கயிற்றை அறுத்துக் காசுகளை மடியில் உதிர்த்தாள். ஒன்றை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது கெடக்கட்டும், ஆத்தா ஞாபகத்துக்கு" என்றாள். மற்றதற்கு ஒரு பெரிய தூக்குவாளி வாங்கிக்கொண்டாள். அந்த வாளியில் தன் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காசு கழுவுகிற வேலை எனக்கு. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, புளியும் சேர்த்துத் தேய்க்கவேண்டும். விரல் நுனியெல்லாம் சுருங்கி, கீறல்களில் புளி எரியும். அழுக்குப் போகப்போக ராஜாக்கள் வெளியே வருவார்கள். அதில் இரண்டு விதம் இருந்தது. தாடி வைத்த ராஜா, தாடி இல்லாத ராஜா. மாமா கழுவின காசுகளை இரண்டு பைகளாகப் பிரிப்பார். தாடி ராஜாவை ராணியோடு சேர்த்து ஒரு பை. தாடி இல்லாத ராஜா தனிப் பை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பையில் இருக்கிறார்கள், மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒருநாள் அதை மாமாவிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த முறை வரும்போது எனக்கு ரோஜாக் கலரில் ரிப்பன் வாங்கிவந்தார்.

கலப்படம் இருந்தது தாடி இல்லாத ராஜாவில் மட்டும்தான். தாடி ராஜா ராணிக்குச் சமமான முழு வெள்ளி. பிரித்த பைகளில் முதல் பை திருப்பதி உருக்குப் பட்டறைக்குப் போகும். இரண்டாவது பையில் இருக்கிற நிஜமான அரை வெள்ளியையும் அவர் சும்மா விடவில்லை. நான் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய அந்தக் காசுகளைப் புத்தலப்பட்டுப் பக்கம் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய், கொலுசு செய்ய, அரைஞாண் செய்ய என்று முழு வெள்ளி விலைக்கு விற்றார். வாங்கும்போது எல்லா ராஜாவும் அரை வெள்ளி, விற்கும்போது எல்லா ராஜாவும் முழு வெள்ளி. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அம்மாவுக்கும் அப்போது தெரியாது.

மாமா எங்கள் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார். நைனாவின் கையில் கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். "மச்சான் கையால பணம் வாங்கறதா?" என்று நைனா ஒரு தடவை சொன்னார். அடுத்த வாரமே கிணறு வெட்ட ஆள் வந்துவிட்டது.

மாம்பழம் பழுத்த சமயம். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகனுக்குக் காய்ச்சல் கண்டு விடவேயில்லை. அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினாள். கையில் காசு இல்லை. முடிந்துவைத்த அந்த ஒற்றைக் காசை ஒரு அடகுக் கடையில் கொடுத்தாள். பாதி விலைதான் வரும் என்று அவளே சொல்லிவிட்டாள். கடைக்காரர் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா ஒனக்கு அரை வெள்ளின்னு சொன்னது? தாடி ராஜாவாச்சே, சுத்தமான வெள்ளி" என்று சொல்லி முழு விலை கொடுத்தார்.

அந்தப் பணத்தில் மருந்து வாங்கிப் பையன் பிழைத்துக்கொண்டான். அவள் திரும்பிவந்ததும் நேராக எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தத் தூக்குவாளி.

"இன்னாமே, உன் தம்பி நல்லா யாவாரம் பண்றான்" என்றாள். சத்தமே போடவில்லை. சித்தூரில் நடந்ததைச் சொன்னாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. "ஒரு சரம்மே. எங்க ஆத்தா கய்த்துல கெடந்தது. ஒரு வாளிக்குக் குடுத்துட்டு வாளியில மூஞ்சி பாத்துக்கினு இருந்தேன் நானு." வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா உள்ளே வந்து தலையை வாரிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியும் இல்ல? வா, திருப்பதிக்குப் போலாம்."

நான் மாமாவைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் ரிப்பனைக் கட்டிக்கொண்டேன்.

திருப்பதி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. ஆள் போனால் எதிராள் ஒதுங்கவேண்டும். இரண்டு பக்கமும் கரிப்புகை. மாமா ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து, "யக்கா, சொல்லி அனுப்பிருந்தா நானே வந்திருப்பேனே" என்று அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"எதிர்வீட்டுக்காரி காசு எங்கடா?" என்றாள் அம்மா. "தாடி ராஜா முழு வெள்ளியாமே. அத்தக் குடு. திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

மாமா கொஞ்சமும் மழுப்பவில்லை. "ஆமாங்கா, முழு வெள்ளிதான். அதச் சொல்லிட்டா நான் இன்னா சம்பாதிக்கறது? யாவாரம்னா அப்டித்தான்கா" என்றார். குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"உன்ன நம்பியா குடுத்தாங்க? என்ன நம்பிக் குடுத்தாங்கடா."

பட்டறைக்காரர் அந்த நேரத்தில் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். கரி நெருப்புக்கு நடுவில் ஒரு மண்குப்பி. அதற்குள் ஒரு பிடி காசு. நான் எட்டிப் பார்த்தேன். காசுகள் சிவந்திருந்தன. மேலே கிடந்த ராஜாவின் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஓரத்தில் பளபளப்பு வந்து, தாடியும் கன்னமும் ஒன்றாகச் சரிந்து, கீழே இருந்த காசோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே யாருமே இல்லை. வெள்ளையாக ஒரு குட்டை தளதளத்தது.

அம்மா பட்டறைக்காரரிடம் கை கூப்பிக் கேட்டாள். எங்கள் ஊர்க் காசு, ஒரு சரம், வளையம் பற்றவைத்தது என்று அடையாளம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். சுவரோரம் அடுக்கியிருந்த வெள்ளிக் கட்டிகளைக் காட்டி, "இந்துலோ நீதி ஏதம்மா? சூப்பிச்சு, தீஸ்குனி போ" என்றார். இதில் உன்னுடையது எதும்மா, காட்டி எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். 'நீதி' என்றால் தெலுங்கில் 'உன்னுடையது'. அம்மா அந்தக் கட்டிகளைப் பார்த்தாள். ஒன்றைப்போலவே இருந்தன எல்லாம்.

மாமா எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பூரி வந்தது. உப்பி, தொட்டால் சுடுகிற பூரி. நான் ஒன்றுவிடாமல் தின்றேன். அம்மாவின் இலை அப்படியே இருந்தது. "துன்னுக்கா, எனக்காக துன்னு" என்று மாமா கெஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நடிப்பு இல்லை அது. அக்கா சாப்பிடாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அது ஏன் என்பது அவருக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டால் தெரு புரிந்துகொள்ளும் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் சேந்துகிற கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போது போய்ச் சொன்னாள்.

"என் தம்பி ஏமாத்திட்டான். தெரிஞ்சேதான் ஏமாத்திக்கிறான். காசெல்லாம் உருக்கிட்டாங்க. எனக்கு சத்தியமா தெரியாதுமே."

யாரும் கத்தவில்லை. ஒருத்தி வாளியை இறக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்போ உங்கூட்ல புதுக் குடம் எப்டி வந்திச்சி?"

இன்னொருத்தி கேட்டாள்: "கிணறு வெட்டறானே உம் புருசன், அந்தப் பணம் எப்டி வந்திச்சி?"

அம்மா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அந்தக் குடத்தை எடுத்துப்போய் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தாள். வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. யாரும் எடுக்கவில்லை. வெயிலில் பல நாள் கிடந்தது. மாட்டுக்காரப் பையன்கள் கல்லெறிந்து நசுக்கினார்கள். பிறகு ஒருநாள் அங்கே இல்லை.

நைனாவுக்கு அம்மாமேல்தான் கோபம். "வாய மூடிக்கினு சும்மா கெடந்திருந்தா பத்து நாள்ல மறந்துட்டிருப்பாங்க. நீ போயி ஆமாம் திருட்டுத்தான்னு நீயே சொல்லிட்டு வந்துக்கிறே" என்று கத்தினார். கிணறு வெட்டுவதை நிறுத்தச் சொன்னாள் அம்மா. அவர் நிறுத்தவில்லை. கீழே பாறை வந்தது. பாறைக்கு வெடி வைத்தார்கள். மறுபடியும் பாறை. எங்கள் தெருப் பெண்களின் கழுத்திலிருந்து இறங்கின காசெல்லாம் அந்தக் குழிக்குள் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துத் தெருவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மழை வந்து நடவு தொடங்கியபோது அம்மாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. விடியற்காலையில் பெண்கள் கும்பலாக எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். பேச்சுச் சத்தம் எங்கள் வாசல் வரும்போது நின்று, தாண்டியதும் மறுபடி தொடங்கும். அம்மா எல்லையைத் தாண்டி வேலூர்ப் பக்கம் கூலிக்குப் போனாள். இருட்டோடு கிளம்பி இருட்டோடு வருவாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. ரிப்பன் வாங்கித் தருகிற மாமாவை வரவிடாமல் செய்துவிட்டாள் என்று.

வருஷங்கள் போயின. நான் பெரியவளாகிப் பத்தாவது முடித்தேன். கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். சுற்றுப்பட்டில் எங்கள் ஆட்கள் யாரும் பெண் கேட்டு வரவில்லை. வந்த ஒரு வீட்டாரும் தெருமுனையில் யாரிடமோ விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். நைனா சோர்ந்துபோனார். அப்போது திருப்பதியிலிருந்து வெற்றிலைப் பாக்குத் தட்டோடு ஒரு கார் வந்தது. மாமா வந்தார். சொந்தக் கடை வைத்துவிட்டிருந்தார். முப்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அக்கா பொண்ண வெளிய குடுக்க உடுவேனா?" என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள். "அவன உட்டா வேற எவன் வரான்?" என்று நைனா கேட்டார். யாராலே வேறு எவனும் வரவில்லையோ, அவருக்கே என்னைக் கட்டிவைத்தார்கள்.

அன்றைக்கும் மாமா, இன்றைக்கும் மாமா. கூப்பிடுகிற வார்த்தைகூட மாறவில்லை எனக்கு. உங்களிடம் பொய் சொல்லக்கூடாது: அவர் என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஊர்த் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நன்கொடை கொடுத்தார். நைனாவின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவருடையது. ஆனால் அம்மா எங்கள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. என் மூத்த பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து தரையில் பாய் போட்டுப் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டாள். நான் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய்விட்டாள். "யக்காவுக்கு ரோசம் ஜாஸ்தி" என்று மாமா வருத்தப்பட்டார்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். கருமாதியை மாமாதான் எடுத்துச் செய்தார். தெரு இப்போது அடையாளம் தெரியாது. எல்லாம் ஓட்டு வீடு போய் மாடி வீடு. பிள்ளைகள் ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகிறார்கள். பந்தல் போட்டு, அம்மாவின் படத்தைப் பெரிய பேனராக அடித்து, தெரு முழுக்கச் சாப்பாடு சொல்லியிருந்தார். எல்லோரும் வந்தார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது அவளோடு கிணற்றடியில் நிற்காதவர்கள், இவர் பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் கோல் ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் மகன்தான் கைபிடித்து உட்காரவைத்தான்.

படையல் முடிந்ததும் மாமா மைக்கை வாங்கினார். சர்க்கரை நோயில் இளைத்துப்போன உடம்பு. பேனரைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"எங்க அக்கா இல்லன்னா நான் இல்ல. லாட்ஜில எச்சத் தட்டு எடுத்துக்கினு இருந்தவன் நானு. இதே தெருவுல ஊடு ஊடா என் கையப் புடிச்சி இட்டுக்கினு வந்து, உங்ககிட்டல்லாம் பேசி, காசு வாங்கிக் குடுத்தது எங்க அக்கா. இன்னிக்கு நான் ஒரு கட வெச்சிக்கிறேன்னா அது அக்கா போட்ட மொதலு. யாரு என்ன சொன்னாலும் என் மொத பார்ட்னர் எங்க அக்காதான்."

அவர் மனதார, அக்காவுக்குச் செய்கிற மரியாதையாக நினைத்துத்தான் சொன்னார். பந்தலில் சிலர் கை தட்டினார்கள். வயதான பெண்கள் மட்டும் தட்டவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் தொடையில் மெல்லத் தட்டினாள். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். "அப்டி இல்ல பெரிம்மா. அம்மாவுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது" என்றேன். மைக் சத்தத்தில் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

பெரியம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. நிம்மதிதான் இருந்தது.

"உடுடி. செத்தவளப் பத்தி இன்னாத்துக்கு. நாங்கதான் தப்பா நெனச்சிட்டமோ, அவ மனசு நோவ வெச்சிட்டமோன்னு இத்தினி வருசமா எனக்கு ஒரு உறுத்தல் இருந்திச்சி. இப்போ உங்கூட்டுக்காரரே சொல்லிட்டாரு இல்ல. போச்சி போ" என்றாள்.

பந்தி தொடங்கியது. பெரியம்மா நன்றாகச் சாப்பிட்டாள். இன்னும் ஒரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்தான் பரிமாறினேன்.